ரிலே ஏன் டகடகவென்று அடிக்கிறது

அன்புள்ள தம்பிக்கு,

உன் ஆர்டுயினோ புராஜெக்டில் ரிலே (லோடைச் சேர்த்து வெட்டும் மின் சுவிட்ச்) ஏன் டகடகவென்று அடிக்கிறது என்று போனில் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். பேப்பர் பேனா எடுத்துக்கொண்டு படி.

பேட்டரி 10.8 வோல்ட்டுக்கு இறங்கினால் லோடை வெட்ட வேண்டும், அவ்வளவுதானே. அதற்கு ஏடிசியைப் படிக்கும் அனலாக்ரீட் கட்டளையே போதும். பேட்டரி ஒன்றும் மைக்ரோ செகண்டில் இறங்கிவிடாது. ஆனால் உங்கள் சார் கம்பரேட்டர்தான் வேண்டும் என்கிறார், சரி. ஏடிசி வோல்டேஜை அளந்து எண்ணாகத் தரும். உன் ஆர்டுயினோ ஊனோ போர்டில் ஒருமுறை அளக்க 100 மைக்ரோ செகண்டுக்கு மேல் ஆகும். கம்பரேட்டர் எதையும் அளப்பதில்லை. இரண்டு பின்னில் எதில் வோல்டேஜ் அதிகம் என்று மட்டும் சொல்லும், அதுவும் ஒரு மைக்ரோ செகண்டுக்குள். பாசிட்டிவ் பக்கம் அதிகமானால் அதன் விடையான ஏசிஓ பிட் 1, இல்லையென்றால் 0. மோட்டார் டிரைவரில் கரன்ட் எகிறும்போது மாஸ்ஃபெட் (கரன்டை ஓடவிடும் டிரான்சிஸ்டர்) எரிந்து போவதற்குள் நிறுத்த வேண்டுமே, அங்கேதான் இதன் அருமை தெரியும்.

கம்பரேட்டரின் செட்டிங்கான ஏசிபிஜி பிட்டை 1 ஆக்கினால், பாசிட்டிவ் பக்கத்தில் 6ஆம் பின்னுக்குப் பதில் ஊனோவின் சிப்புக்குள் இருக்கும் 1.1 வோல்ட் ரெஃபரன்ஸ் வந்துவிடும். நெகட்டிவ் பக்கமான 7ஆம் பின்னுக்கு பேட்டரியிலிருந்து டிவைடர், அதாவது வோல்டேஜைப் பங்கிட்டுக் குறைக்கும் இரண்டு ரெசிஸ்டர்: மேலே 88 கே (கிலோ ஓம்), கீழே 10 கே. மொத்தம் 98 கே, அதில் கீழே 10 கே, ஆக 9.8இல் ஒரு பங்கு. 10.8ஐ 9.8ஆல் வகுத்துப் பார், 1.1 வரும். ஆனால் டேட்டாஷீட்டைப் புரட்டினால் அந்த 1.1 சிப்புக்குச் சிப்பு 1.0 முதல் 1.2 வரை இருக்கலாம் என்று போட்டிருக்கும். அப்போது கட்-ஆஃப் 9.8இலும் விழலாம், 11.8இலும் விழலாம். அதனால் 88 கேக்குப் பதில் 68 கேயும் 47 கே பிரிசெட்டும் (திருகி மதிப்பை மாற்றும் ரெசிஸ்டர்) சீரிஸில் போட்டு, மீட்டரைப் பார்த்துத் திருகு.

இப்போது ரிலே. லோடு போனதும் பேட்டரி வோல்டேஜ் தானாக ஏறும். உடனே கம்பரேட்டர் "நன்றாக இருக்கிறது" என்று சொல்லும், ரிலே ஒட்டும், வோல்டேஜ் மறுபடி விழும். இதுதான் அந்த டகடக சத்தம். வெட்டும் வோல்டேஜும் சேர்க்கும் வோல்டேஜும் வேறு வேறாக இருக்க வேண்டும். ஹிஸ்டரிசிஸ் என்று படித்திருப்பாய். எல்எம் 339 என்ற தனி கம்பரேட்டர் சிப்பில் அவுட்புட்டிலிருந்து இன்புட்டுக்கு ஒரு ரெசிஸ்டரைத் திருப்பிவிட்டால் வேலை முடிந்தது. ஆனால் ஊனோவின் சிப்பில் கம்பரேட்டர் அவுட்புட் எந்தப் பின்னிலும் வெளியே வராது. ஆகவே புரோகிராமும் கை கொடுக்க வேண்டும். 8ஆம் பின்னிலிருந்து 7ஆம் பின்னுக்கு 56 கே போடு. பேட்டரி நன்றாக இருக்கும்போது 8ஆம் பின் புல்-அப் (உள்ளேயிருந்து 5 வோல்ட்டுக்கு இழுக்கும் ரெசிஸ்டர்) இல்லாத வெறும் இன்புட். பேட்டரி இறங்கி ஏசிஓ 1 ஆனதும் அதை அவுட்புட் ஆக்கி லோ கொடு. 10 கேயோடு 56 கே பேரலலாகிவிடும், இனி 12.5 வோல்ட் வந்தால்தான் ரிலே ஒட்டும். அதாவது சார்ஜர் போட்ட பிறகுதான்.

10 கேக்குக் குறுக்கே 0.1 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டர் ஒன்று வை, ரிலே ஒட்டும்போது வரும் நாய்ஸ் குறையும். அப்புறம், கம்பரேட்டர் எப்போது இன்டரப்ட் (புரோகிராமை இடைமறிக்கும் சிக்னல்) தர வேண்டும் என்று சொல்லும் ஏசிஐஎஸ் பிட்டுகளை மாற்றுவதற்கு முன், அந்த இன்டரப்டை அனுமதிக்கும் ஏசிஐஈ பிட்டை 0 ஆக்கிவிடு. இல்லையென்றால் மாற்றும்போதே பொய்யாக ஒரு இன்டரப்ட் வரலாம்.

லேபில் 56 கே இல்லையென்றால் 47 கே போடு. சேர்க்கும் வோல்டேஜ் 12.8 ஆகும், பரவாயில்லை.

அன்புடன்,
அம்மா