மாதிரி ரயிலுக்கு மலிவு வேகன்: திருப்பிப் பார்த்து வாங்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வார இணைப்பில் மாதிரி ரயில் அமைப்பது குறித்து வெளிவந்த கட்டுரையை ஆர்வத்தோடு படித்தேன். இன்ஜினைத் தேர்ந்தெடுப்பது பற்றியும் தண்டவாளம் பதிப்பது பற்றியும் விரிவாக எழுதியிருந்த கட்டுரையாளர், சரக்கு வேகன்களை மட்டும், கிடைப்பதில் மலிவானதை வாங்கி, கப்ளர்களை (வேகன்களை ஒன்றோடொன்று பிணைக்கும் கொக்கிகளை) ஒரே வகைக்கு மாற்றிக் கோத்துக்கொண்டால் போதும் என்ற பொருள்பட ஒரே வரியில் முடித்துவிட்டார். அந்த ஒரு வரியை நம்பிப் பணத்தை எடுத்து நீட்டும் புதியவர்கள், மிச்சம் பிடித்ததாக நினைத்த தொகைக்கு மேலாகவே பிறகு செலவழிக்க நேரும் என்பதால் இதை எழுதுகிறேன். மலிவாக வாங்கக் கூடாது என்பது என் கட்சி இல்லை. மலிவாகவே வாங்கலாம், ஆனால் விலை பேசுவதற்கு முன் வேகனைத் தலைகீழாகத் திருப்பி, அதன் அடிப்பாகத்தைப் பார்த்துவிட்டுப் பேச வேண்டும் என்பதுதான் நான் சொல்ல வருவது.

இந்தப் பொழுதுபோக்கில் பணம் எங்கே கரைகிறது என்று கணக்குப் பார்த்தால், பெரும்பாலும் இன்ஜினில் இல்லை. இன்ஜின் ஒன்றோ இரண்டோ போதும். சரக்கு ரயில் என்று பார்ப்பவர் நம்ப வேண்டுமென்றால் அதன் பின்னால் பத்துப் பதினைந்து வேகன்களாவது வர வேண்டும். ஒரு வேகனில் செய்கிற சிறு தவறும் அத்தனை வேகன்களுக்கும் பெருகும். மலிவு வேகன் ஒன்றின் சக்கரங்களையும் கப்ளர்களையும் கழற்றி எறிந்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டியிருந்தால், அந்த உதிரிகளின் விலை பல நேரங்களில் வேகனுக்குக் கொடுத்த விலையைத் தொட்டுவிடும். ஆகவே ஒப்பிட வேண்டியது விலைச்சீட்டில் உள்ள எண்ணை அன்று. அந்த வேகன் தடம் புரளாமல் ஓடத் தொடங்கும் நாள்வரை ஆகும் மொத்தச் செலவை.

முதலில் அளவுவிகிதம், அதாவது மாதிரி நிஜத்தைவிட எத்தனை மடங்கு சிறியது என்பது. ஹெச்ஓ எனப்படும் 1:87 அளவும், பிரிட்டனில் வழங்கும் ஓஓ எனப்படும் 1:76 அளவும் 16.5 மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரே தண்டவாளத்தில்தான் ஓடுகின்றன. அதனால் பழைய பொருள்களைக் குவியலாக விற்பவர்கள் இரண்டையும் ஒரே அட்டைப்பெட்டியில் போட்டு, எல்லாம் ஒன்றுதான் என்று சொல்லிவிடுவது வழக்கம். ஓஓ வேகன் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு பெரியது. தனியாகப் பார்க்கும்போது தெரியாத இந்த வேறுபாடு, ஹெச்ஓ வேகனுக்குப் பக்கத்தில் கோத்தவுடன் கண்ணை உறுத்தும். ஹெச்ஓவைவிடச் சிறிய, என் (N) எனப்படும் அளவிலும் இதே கதைதான்: தண்டவாளம் 9 மில்லிமீட்டர் என்றாலும், அமெரிக்க, ஐரோப்பிய மாதிரிகள் 1:160, பிரிட்டன் மாதிரிகள் 1:148. மூன்று தண்டவாள முறைக்காக ஜெர்மனியின் மார்க்ளின் நிறுவனம் செய்த வேகன்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. அவற்றின் சக்கரங்கள் அச்சோடு மின்சாரம் கடத்துபவை. அப்படியே இரண்டு தண்டவாள அமைப்பில் வைத்தால் ஷார்ட் சர்க்யூட் ஆகும். சக்கரத்தை மாற்றும் செலவையும் சேர்த்துப் பார்த்து, கட்டுப்படியானால் வாங்கலாம்.

இனிச் சக்கரத்துக்கு வருகிறேன். இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். பொம்மை ரயில் செட்டுகளில் வந்த பழைய வேகன்களில் பெரும்பாலும் பிளாஸ்டிக் சக்கரங்களே இருக்கும். ஓடுகிற பரப்பில் அழுக்கு கருப்புப் பசையாகப் படிந்து, அது தண்டவாளம் முழுக்கப் பரவி, கடைசியில் இன்ஜின் திணறுவதற்குக் காரணமாகிவிடும். இன்ஜின் பழுது என்று நினைத்து அதைப் பிரித்துப் போடுபவர்கள் பலர். பின்னால் வருகிற வேகன்களின் சக்கரங்களை நகத்தால் சுரண்டிப் பார்க்கும் யோசனை யாருக்கும் முதலில் வருவதில்லை. பழைய சக்கரங்களில் இன்னொரு குறை, விளிம்பின் ஆழம். உயரமான தண்டவாளத்துக்காகச் செய்த ஆழமான விளிம்புகள், இன்று பரவலாக உள்ள தாழ்ந்த தண்டவாளத்தில் ஆணித் தலைகளின் மேல் தடதடவென்று ஏறி இறங்கும். தடம் பிரியும் பாயின்ட்டைக் கடக்கும்போது வேகனே எம்பிக் குதிக்கும்.

நல்ல உலோகச் சக்கரங்களுக்கு மாற்றிவிட்டால் இந்த இரண்டு குறைகளும் ஒருசேரத் தீரும். ஆனால் அச்சின் நீளத்தை அளக்காமல் சக்கரம் வாங்கக் கூடாது. ஊசிபோலக் கூரான அச்சின் இரு முனைகளும் போகியின் (சக்கரங்களைத் தாங்கி, வேகனுக்கு அடியில் திரும்பும் அமைப்பின்) பக்கச் சட்டங்களில் உள்ள கூம்புக் குழிகளில் உட்காருகின்றன. அச்சு அரை மில்லிமீட்டர் நீண்டுவிட்டால் சட்டம் விரிந்து சக்கரம் இறுகும். குறைந்துவிட்டால் சக்கரம் இடம் வலமாக ஆடும். ஒரு ஜோடி வாங்கிப் பொருத்தி, விரலால் சுண்டிப் பார்த்து, நிற்காமல் சில விநாடிகள் சுழல்கிறதா என்று பார்த்த பிறகே மீதி வேகன்களுக்கு மொத்தமாக வாங்க வேண்டும். சக்கரங்களை மொத்தப் பொட்டலமாக வாங்குவது தனித்தனியாக வாங்குவதைவிடக் கணிசமாக மலிவு என்பதால், ஒரே வகைப் போகி உள்ள வேகன்களைத் தேடிச் சேர்ப்பதற்கே ஒரு நியாயம் இருக்கிறது.

அடுத்தது எடை. மலிவு வேகன்களில் தயாரிப்பாளர் முதலில் கை வைப்பது இங்கேதான். உள்ளே வைக்க வேண்டிய இரும்புத் தகட்டை விட்டுவிட்டால் யார் கண்ணிலும் படாது. 1935-இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட என்.எம்.ஆர்.ஏ. என்னும் மாதிரி ரயில் சங்கம் இதற்கு ஓர் எளிய வாய்பாட்டைப் பரிந்துரைக்கிறது. ஹெச்ஓ வேகனுக்கு அடிப்படை ஒரு அவுன்ஸ், அதோடு நீளத்தில் ஒவ்வோர் அங்குலத்துக்கும் அரை அவுன்ஸ். உண்மையில் 40 அடி நீளமுள்ள பெட்டி வேகன் இந்த அளவில் ஐந்தரை அங்குலம், அதாவது 14 சென்டிமீட்டர் வரும்; அதன் எடை ஏறத்தாழ 107 கிராம் இருக்க வேண்டும். சமையலறைத் தராசு இருந்தால் போதும், அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். என் (N) அளவு வேகனுக்கு அடிப்படை அரை அவுன்ஸ், அங்குலத்துக்கு 0.15 அவுன்ஸ்.

எடை குறைந்த வேகன் தனியாக ஓடும்போது ஒரு குற்றமும் தெரியாது. கனமான வேகன்களுக்கு நடுவே அதைக் கோத்து வளைவில் இழுக்கும்போதுதான் குட்டு உடையும்: முன்னால் இன்ஜின் இழுக்க, பின்னால் வேகன்கள் கனக்க, நடுவில் உள்ள இலேசான வேகன் வளைவின் உட்புறமாகச் சாய்ந்து விழும். பெட்டி வேகனிலும் தானியம் போன்றவற்றைக் கொட்டி ஏற்றும் மூடிய ஹாப்பரிலும் உள்ளே இடம் தாராளமாக இருப்பதால் எஃகு நட்டுகளையோ வாஷர்களையோ ஒட்டி எடையைச் சரிசெய்வது ஏறக்குறைய இலவச வேலை. தட்டை வேகனில் ஒளித்து வைக்க இடமே கிடையாது. எனவே மிக மலிவான தட்டை வேகன் என்பது பெரும்பாலும் நட்டக் கணக்குத்தான். ஈயக் குண்டுகளை நிரப்ப விரும்புவோர் வெள்ளைப் பசையைத் தவிர்ப்பது நல்லது. அந்தப் பசையோடு ஈயம் நாளடைவில் வினைபுரிந்து உப்பி, டேங்க் வேகனின் உடலையே வெடிக்க வைத்ததுண்டு.

கப்ளர் விஷயத்தில் கட்டுரையாளர் சொன்னது பாதி சரி: எல்லாவற்றையும் ஒரே வகைக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். பழைய அமெரிக்க ரயில் செட்டுகளில் இருந்த கொம்புக் கொக்கி வகை, கேடீ நிறுவனம் பரப்பிய, மடக்கிய விரல்கள் கோத்துக்கொள்வதுபோலப் பிணையும் நக்கிள் வகையோடு சேராது. கேடீயின் காப்புரிமைக் காலம் முடிந்தபின் அதோடு இணையக்கூடிய பிளாஸ்டிக் கப்ளர்களைப் பல நிறுவனங்கள் செய்யத் தொடங்கிவிட்டதால், இன்று அந்த வகைக்கு மாறுவது முன்புபோலப் பெருஞ்செலவு இல்லை. அவர் சொல்லாமல் விட்ட மறுபாதி, கப்ளர் எதன்மேல் பொருத்தப்பட்டிருக்கிறது என்பது. செட்டுகளில் வரும் மலிவு வேகன்களில் கப்ளர் போகியோடு சேர்ந்தே இருக்கும். ரயிலை முன்னால் இழுக்கும்வரை தொல்லை இல்லை. பின்னால் தள்ளும்போது, தள்ளுகிற விசை நேராகப் போகிக்கே போய் அதைப் பக்கவாட்டில் திருப்பிவிடும்; யார்டுக்குள் வேகன்களை ஒதுக்கும் வேலையில் இது ஓயாத தலைவலி. கப்ளர் வேகனின் உடலோடு பொருத்தப்பட்டிருந்தால் அந்த விசையைச் சட்டம் தாங்கிக்கொள்ளும். ஒரே விலையில் இரண்டு வகையும் கிடைக்கும்போது, சாயம் மங்கியிருந்தாலும் உடலோடு பொருத்தியதைத்தான் எடுக்க வேண்டும். ஐரோப்பிய வேகன்களில் என்.இ.எம். 362 என்னும் தரப்படி அமைந்த கப்ளர் குழி இருந்தால், திருகாணியே இல்லாமல் ஒன்றை உருவிவிட்டு இன்னொன்றைச் செருகிவிடலாம் என்பதால், பழைய வேகன்களில் அந்தக் குழி இருப்பதே ஒரு மதிப்பு.

அடிப்பாகத்தைத் திருப்பியபோதே இரண்டு போகிகளையும் விரலால் அசைத்துப் பார்த்துவிட வேண்டும். ஒன்று இடம் வலமாகத் திரும்பினால் மட்டும் போதும்; மற்றொன்று சற்றுத் தளர்ந்து எல்லாப் பக்கமும் அசைய வேண்டும். முக்காலி எந்தத் தரையிலும் ஆடாமல் நிற்பதுபோல, இப்படி அமைந்த வேகன் மேடுபள்ளமான பாதையிலும் சக்கரம் தூக்காமல் போகும். திருகாணியை அரைச் சுற்று தளர்த்துவதும் முறுக்குவதும்தான் வேலை. இதற்கு ஒரு காசும் ஆகாது என்பதாலோ என்னவோ, யாரும் சொல்லித் தருவதும் இல்லை.

அப்படியானால் எதை வாங்குவது? பணம் குறைவாகவும் பொறுமை கொஞ்சம் கூடுதலாகவும் உள்ளவர்களுக்கு என் பரிந்துரை, பாகங்களை நாமே பொருத்திக்கொள்ளும் எளிய கிட்டுகள்தாம். அதெர்ன் நிறுவனத்தின் நீலப்பெட்டிக் கிட்டுகள் இப்போது தயாரிப்பில் இல்லை என்றாலும், பழையவை விற்குமிடங்களில் இன்னும் தாராளமாகக் கைமாறுகின்றன. பிளாஸ்டிக் உடல், எஃகு எடைத் தகடு, உடலோடு பொருத்தும் கப்ளர் என்று அடித்தளம் சரியாக இருப்பதால், ஒரு திருப்புளியோடு உட்கார்ந்தால் சிறிது நேரத்தில் முடிந்துவிடும். சக்கரம் மாற்றினால் புது வேகனுக்குச் சமமாக ஓடும். அக்யூரெயில் கிட்டுகளும் இதே வழியில் வந்தவை. கூரை, படிக்கட்டு, கைப்பிடி ஆகியவற்றை உடலோடு சேர்த்தே வார்த்திருப்பார்கள்; நுணுக்கம் தேடுபவர்களுக்கு அது குறை. ஆனால் நீளமான ரயிலில் நடுவே ஓடும் வேகனின் கைப்பிடி தனிக் கம்பியா, வார்ப்பா என்று இரண்டடி தள்ளி நின்று பார்ப்பவருக்குத் தெரியப் போவதில்லை. அழகான ஒன்றிரண்டை மட்டும் முன்வரிசையில் நிற்க வைக்க வாங்கிக்கொண்டு, மற்றவற்றை இந்த வகையில் நிரப்புவதில் எந்த மானக்குறைவும் இல்லை.

செகண்ட் ஹேண்டாக வாங்கும்போது எதை மன்னிக்கலாம், எதை மன்னிக்கக் கூடாது என்பதில் தெளிவு வேண்டும். மங்கிய சாயம், உரிந்த எழுத்து, ஒடிந்த ஏணி, தொலைந்த பிரேக் சக்கரம் எல்லாம் விலையைக் குறைக்க நமக்குக் கிடைத்த சாக்குகள். நிஜ சரக்கு வேகன்களே துருவும் தூசியுமாகத்தான் ஓடுகின்றன. கொஞ்சம் பழுப்புத் தூள் தூவிவிட்டால் குறைகளில் பாதி நிறைவாகவே மாறிவிடும். ஒரே எண் பொறித்த ஐந்து வேகன்கள் மலிவாகக் கிடைத்தாலும் தயங்க வேண்டாம். நிஜத்தில் ஒரே கம்பெனியின் இரண்டு வேகன்களுக்கு ஒரே எண் இருக்காது என்பது உண்மைதான். கடைசி ஓர் இலக்கத்தை மட்டும் டெக்கால் என்னும் ஒட்டுப்படம் ஒட்டி மாற்றிவிட்டால் தீர்ந்தது.

மன்னிக்கக் கூடாதவை இரண்டு. ஒன்று, முறுக்கிக்கொண்ட அடிச்சட்டம். கண்ணாடித் தகட்டின்மேல் வேகனை வைத்தால், நான்கு மூலைகளில் ஒன்று தூக்கி நிற்பது தெரியும். அதை நிமிர்த்துவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். மற்றொன்று, துத்தநாகக் கலவையில் வார்த்த பழைய உலோகப் பாகங்கள். கலவையில் கலப்படம் இருந்தால் அந்த வார்ப்பு ஆண்டுகள் போகப் போக உள்ளிருந்தே வெடித்து, சிலந்தி வலைபோன்ற மெல்லிய கீறல்கள் ஓடி, ஒரு நாள் கையோடு உதிர்ந்து வரும். அதற்கு மருந்து கிடையாது. அத்தகைய கீறலைக் கண்டால், பெயர்பெற்ற தயாரிப்பானாலும், எவ்வளவு மலிவானாலும் கீழே வைத்துவிட வேண்டும்.

வளைவையும் மறந்துவிடக் கூடாது. கார்களை ஏற்றிச் செல்லும் 89 அடி வேகன் ஹெச்ஓ அளவில் 31 சென்டிமீட்டர் நீளம் இருக்கும். செட்டுகளில் வரும் 18 அங்குல ஆரமுள்ள வளைவில் அது ஒழுங்காகத் திரும்பாது. பாதி விலைக்குக் கிடைத்தாலும் சிறிய மேசையில் அதற்கு வேலை இல்லை. 40, 50 அடி வேகன்களோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை வேகன்களின் விலைப்பட்டியல் வெளியிடும்போது, ஒவ்வொன்றின் விலைக்கும் பக்கத்தில் அளவுவிகிதம், சக்கரம் உலோகமா பிளாஸ்டிக்கா, கப்ளர் எந்த வகை, அது உடலில் இருக்கிறதா போகியில் இருக்கிறதா, எடை எத்தனை கிராம் என்ற விவரங்களையும் சேர்த்து அச்சிட வேண்டுகிறேன். இடம் போதாது என்றால் வண்ணப் படங்களில் ஒன்றைக் குறைத்துக்கொள்ளலாம். அல்லது அந்தப் படத்தையே வேகனின் அடிப்பக்கம் தெரியும்படி எடுத்துப் போடலாம்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் வாசகர்