மின்சாரம் தாக்கித் தொழிலாளி பலி: பாடத்திட்டக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் தமிழ் எம்.ஏ. பாடத்திட்டத்தை வகுக்கும் குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம்.

பாடத்திட்டத்தைத் திருத்த நீங்கள் கூடும்போதெல்லாம் இலக்கியத் தாள்களுக்குத்தான் சண்டை என்று கேள்வி. எந்த நாவலை வைப்பது, எந்தக் கவிஞரை எடுப்பது என்று சாயங்காலம் வரை பேச்சு போகுமாம். மொழியியல் தாளுக்கு அந்த யோகம் கிடையாது. போன முறை இருந்தது அப்படியே இந்த முறையும் ஏறி உட்கார்ந்துவிடும். அந்தத் தாளின் கடைசிப் பக்கம், செமஸ்டர் முடியும் நேரத்தில் அவசர அவசரமாக நடத்தப்படும் தொடரியல் அலகு, அதாவது சொற்கள் சேர்ந்து வாக்கியமாகும் முறையை ஆராயும் பாடம், அதற்காகத்தான் இந்த மடல்.

அந்த அலகைப் படித்துத் தேறியவள் நான். இப்போது ஒரு கல்லூரியில் கௌரவ விரிவுரையாளராக அதையே நடத்துகிறேன். இரண்டு பக்கத்து அவஸ்தையும் தெரியும்.

நான் படித்தபோது அலகு இப்படி இருந்தது: வாக்கியத்தைத் துண்டு துண்டாகப் பிரிக்கும் அண்மையுறுப்பு ஆய்வு, அப்புறம் அமெரிக்க மொழியியலாளர் சாம்ஸ்கி, வாக்கியத்தைக் கட்டும் தொடரமைப்பு விதி, ஒரு வாக்கிய அமைப்பை இன்னொன்றாக்கும் மாற்றுவிதி, மாற்றத்துக்கு முந்தைய வடிவமான புதைநிலை, பிந்தைய வடிவமான புறநிலை. ஜெராக்ஸ் நோட்ஸில் எட்டுப் பக்கம். தேர்வில் செயப்பாட்டுவினை மாற்றுவிதியை விளக்கச் சொன்னார்கள். நோட்ஸில் இருந்த எடுத்துக்காட்டு, ‘இராமன் மாம்பழம் தின்றான், இராமனால் மாம்பழம் தின்னப்பட்டது’. எங்கள் வீட்டில் யாரும் மாம்பழத்தை அப்படித் தின்று நான் பார்த்ததில்லை. அதனால் விதியை எழுதிவிட்டுக் கீழே ஒரு பத்தி சொந்தமாகச் சேர்த்தேன். செய்தவன் யாரென்று சொல்ல விரும்பாதபோது தமிழில் ‘வண்டி திருடு போயிற்று’ என்போம், ‘வீடு இடிபட்டது’ என்போம், இல்லையென்றால் எழுவாயை விட்டுவிட்டு ‘வண்டியைத் திருடிவிட்டார்கள்’ என்போம். ஆங்கிலத்தில் செயப்பாட்டுவினை பார்க்கும் வேலையைத் தமிழில் இவை பங்குபோட்டுக்கொள்கின்றன என்று எழுதினேன். பிறகு விடைத்தாள் நகல் வாங்கிப் பார்த்தேன். பத்தியின் குறுக்கே சிவப்புக் கோடு. ஓரத்தில் ‘எ.கா. தவறு’.

திருத்தியவர் மேல் எனக்கு இப்போது கோபமில்லை. அவருக்குக் கொடுக்கப்பட்ட விடைக்குறிப்பில் மாம்பழம்தானே இருந்திருக்கும்?

அதே நோட்ஸில் இன்னொரு புகழ்பெற்ற வாக்கியமும் உண்டு. ‘நிறமற்ற பச்சை எண்ணங்கள் ஆவேசமாகத் தூங்குகின்றன.’ 1957-ல் வந்த தன் சிறு நூலில் சாம்ஸ்கி கொடுத்த ஆங்கில வாக்கியத்தின் தமிழாக்கம். பொருள் இல்லை, ஆனால் இலக்கணம் இருக்கிறது; ஆக இரண்டும் வேறு வேறு என்று காட்ட வந்தது. இதை மனப்பாடம் செய்யாத தமிழ் எம்.ஏ. மாணவர் இருக்க முடியாது. ஆனால் சாம்ஸ்கி அதோடு நிறுத்தவில்லை. அதே சொற்களைக் கடைசியிலிருந்து தலைகீழாக அடுக்கி இரண்டாவதாக ஒன்றும் கொடுத்தார். இரண்டுமே அர்த்தமற்றவை, ஆனால் இரண்டாவதை ஆங்கிலம் பேசுகிறவர் வாக்கியமாகவே ஏற்கமாட்டார். வாதமே இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில்தான் இருக்கிறது. நோட்ஸில் அந்த இரண்டாவது வாக்கியம் காணாமல் போய்விட்டது.

சரி, தமிழில் திருப்பிப் பார்ப்போம். ‘தூங்குகின்றன ஆவேசமாக எண்ணங்கள் பச்சை நிறமற்ற.’ முதல் பாதி உங்கள் காதில் உறுத்தியதா? ‘தூங்குகின்றன ஆவேசமாக’ என்பதை மேடைப் பேச்சாளர் யாரும் சொல்லலாம். ‘எண்ணங்கள் பச்சை நிறமற்ற’ என்ற இடத்தில்தான் வாக்கியம் உடைகிறது. தமிழில் சொற்களை எப்படி வேண்டுமானாலும் மாற்றிப் போடலாம் என்று இலக்கணக் கைடுகள் எழுதுவது பாதிதான் உண்மை என்று இது காட்டிவிடுகிறது. நகர்வது தனிச்சொற்கள் அல்ல, ஒன்றாகச் சேர்ந்து நிற்கும் சொற்கூட்டங்கள்; பெயருக்கு முன் நிற்கும் அடைமொழியைப் பெயருக்குப் பின்னால் தள்ள நம் மொழி விடாது. இதைக் கரும்பலகையில் எழுதி, எங்கே உடைகிறது என்று கேட்டால் பத்து நிமிஷத்தில் வகுப்பே கண்டுபிடித்துவிடும். தொடரியலில் முதல் பாடம் அதுதான். சாம்ஸ்கி பிறந்த ஊர் தேவையில்லை.

இந்த இடத்தில் ஒரு பயம் எனக்கு உண்டு. பழையதாகிவிட்டது என்று நான் புகார் சொன்னால், புதியதைச் சேர்க்கிறோம் என்று சாம்ஸ்கி பிறகு எழுதிய 1965, 1981, 1995 நூல்களை மூன்று தலைப்புகளாக நீங்கள் சேர்த்துவிடுவீர்கள். ஒவ்வொன்றுக்கும் ஐந்து மதிப்பெண் வினா வரும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். கோட்பாடு மாறிக்கொண்டேதான் இருக்கும். புதைநிலை, புறநிலை என்று நாம் இன்னும் மனப்பாடம் செய்கிறோமே, அந்தப் பிரிவினையை 1995 நூலில் சாம்ஸ்கியே கைவிட்டுவிட்டார். பெயர்களைத் துரத்தினால் நாம் எப்போதும் முப்பது வருஷம் பின்னால்தான் இருப்போம். ஒரு வாக்கியம் ஏன் சரி, அதன் பக்கத்து வாக்கியம் ஏன் தவறு என்று கேட்கும் பழக்கம் மட்டும் மாறவில்லை. ஆகாத வாக்கியத்தின் தலையில் ஒரு நட்சத்திரக் குறி போட்டுவிட்டு, காரணம் தேடுவார்கள். அந்தப் பழக்கத்துக்குப் பாடத்திட்டத்தில் இடம் கேட்கிறேன்.

நான் என் வகுப்பில் செய்ததைச் சொல்கிறேன். இரண்டு வாரம் செய்தித்தாள் தலைப்புகளைச் சேகரித்து வரச் சொன்னேன். ‘மின்சாரம் தாக்கித் தொழிலாளி பலி.’ ‘பாம்பு கடித்துச் சிறுவன் பலி.’ ‘சுவர் இடிந்து மூதாட்டி காயம்.’ ‘யானை மிதித்து விவசாயி பலி.’ நாம் தினமும் டீயோடு படித்துவிட்டு அடுத்த பக்கம் புரட்டும் வாக்கியங்கள்.

பிறகு தொல்காப்பியச் சொல்லதிகாரத்தை, வினையியலைத் திறந்தோம். ‘செய்து செய்யூ செய்பு’ என்று தொடங்கி ஒன்பது வினையெச்சங்களைச் சொன்ன நூற்பாவுக்கு ஒன்று தள்ளி வரும் நூற்பா, ‘அவற்றுள் முதனிலை மூன்றும் வினைமுதல் முடிபின’ என்கிறது. அதாவது ‘செய்து’ என்னும் எச்சத்தைச் செய்தவர் யாரோ அவரேதான் முடிக்கும் வினையையும் செய்ய வேண்டும். ‘அண்ணன் வந்து சாப்பிட்டான்’ என்றால் வந்ததும் சாப்பிட்டதும் ஒரே ஆள். ‘அண்ணன் வந்து தம்பி போனான்’ ஆகாது. ‘வந்ததும்’ என்று மாற்றினால்தான் ஆகும்.

அப்படியென்றால் மின்சாரம் தாக்கித் தொழிலாளி எப்படிச் சாகிறார்? தாக்கியது மின்சாரம், பலியானது தொழிலாளி.

வகுப்பு ஒரு நிமிஷம் அமைதியாக இருந்தது. கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன், “பேப்பர்காரங்க தப்பா எழுதுறாங்கம்மா” என்றான். அப்படியென்றால் ‘மழை பெய்து குளம் நிறைந்தது’ தப்பா என்று கேட்டேன். இல்லை என்றான். ‘மழை பெய்து தம்பி பள்ளிக்கூடம் போனான்’? அது ஆகாது என்றான், யோசிக்காமலே. இரண்டிலும் மழைதான் பெய்கிறது. குளம் தானாக நிறைகிறது, தம்பி தானே முடிவு செய்து போகிறான். அப்போது ஒரு பெண் எழுந்து, முதல் வினையின் விளைவாக இரண்டாவது நடந்தால், அதில் யாருடைய விருப்பமும் கலக்காமல் இருந்தால், எழுவாய் மாறலாமோ என்று கேட்டாள். உடனே அடுத்தவள் ‘கணவர் தாக்கி மனைவி பலி’ என்று எழுதிக் காட்டினாள். பாதி வகுப்பு சரி என்றது, பாதி இடறுகிறது என்றது. எனக்கும் இடறுகிறது, ‘தாக்கியதில்’ என்று எழுதத்தான் என் கை போகும். மனிதர் வேண்டுமென்றே செய்தால் மட்டும் இந்தத் தயக்கம் ஏன் வருகிறது? “அப்ப லாரி மோதி பலின்னு எழுதுறோமே, லாரியை ஓட்டினது ஆளுதானேம்மா?” என்றான் அதே கடைசி பெஞ்சுப் பையன். அந்தக் கேள்விக்கு என்னிடம் இன்னும் முழு விடை இல்லை. அன்று மணி அடித்த பிறகும் ஒருவரும் எழவில்லை. மொழியியல் வகுப்பில்!

அடுத்த நாள் பழைய நூல்களிலேயே இன்னும் கொஞ்சம் தோண்டினோம். வினைமுதல் முடிபு என்ற விதியைச் சொன்ன கையோடு தொல்காப்பியர் ஒரு விலக்கும் தருகிறார்: எச்சம் சினையின், அதாவது உறுப்பின், வினையாக இருந்தால், அந்த உறுப்பை உடைய முதலோடு முடியலாம். உரையாசிரியர் தரும் எடுத்துக்காட்டு ‘கையிற்று வீழ்ந்தான்’. இற்றது, அதாவது முறிந்தது, கை; வீழ்ந்தது ஆள். நாம் இன்றைக்கும் ‘கால் வழுக்கி விழுந்தான்’ என்கிறோம். பின்னால் நன்னூல் வழியில் ‘ஞாயிறு பட்டு வந்தான்’ (சூரியன் மறைய வந்தான்) என்பதற்கு, ‘பட்டு’ என்று வடிவம் இருந்தாலும் பொருள் ‘பட’ என்பதுதான் என்று அமைதி சொன்னார்கள். வடிவம் ஒன்று, உள்ளே இருப்பது வேறு. இன்றைய தொடரியல் படித்த ஒருவர் இதையே, ‘செய்து’ என்ற ஒரே வடிவத்துக்குள் இரண்டு அமைப்புகள் இருக்கலாம் என்று தொடங்குவார்: ஒன்று தனக்கென எழுவாய் இல்லாமல் வினையோடு ஒட்டிக்கொள்வது, இன்னொன்று சொந்த எழுவாயோடு முழு வாக்கியத்தின் மேல்மட்டத்தில் ஒட்டுவது. எது எங்கே ஒட்டுகிறது என்று காட்டத்தான் வாக்கியத்தை மரம்போல் கிளை பிரித்துக் கிளைப்படம் போடுகிறார்கள். காரணம் தெரிந்து போட்டால் அந்தப் படம் மாணவருக்குப் பிடிக்கிறது.

இதைச் சொன்னதும் உங்களில் சிலர் முகம் மலர்வது தெரிகிறது. ‘பார்த்தீர்களா, எல்லாவற்றையும் தொல்காப்பியர் அன்றே சொல்லிவிட்டார்.’ இல்லை. அவர் விதியையும் விலக்கையும் கண்டார், அதுவே பெரிய விஷயம். ஆனால் பள்ளிக்கூடம் போகாத நாலு வயசுக் குழந்தைக்கு இந்த விதி எப்படித் தெரிகிறது, இதே கட்டுப்பாடு வேறு மொழிகளில் என்ன உருவத்தில் இருக்கிறது என்ற கேள்விகள் அவருடையவை அல்ல. அவரை முன்னோடி என்று புகழ்ந்து ஒரு அலகை ஓட்டிவிடுவதும், அவரைத் திறக்காமலே தொடரியல் நடத்துவதும் எனக்கு ஒன்றுதான்.

இன்னொன்று, சுருக்கமாக. ‘குமார் ரவிக்குத் தன் வண்டியைக் கொடுத்தான்.’ வண்டி யாருடையது? குமாருடையது, ‘ரவிக்கு’ என்பதால் ‘தன்’ ரவியைத் தொடாது. ‘குமாருக்குத் தன் வண்டியைப் பிடிக்கும்.’ இங்கே அதே ‘கு’ உருபு ஏற்ற பெயர்தான் ‘தன்’னைப் பிடித்துக்கொள்கிறது. நான்காம் வேற்றுமை என்று இரண்டுக்கும் ஒரே பெயர் எழுதி மதிப்பெண் வாங்கிவிடலாம். ஆனால் இரண்டாவது வாக்கியத்தில் அந்தப் பெயர் எழுவாயின் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறது. வினைமுற்று மட்டும் அதை மதிப்பதில்லை, அதற்கேற்ற விகுதி எடுப்பதில்லை.

‘குமார், ரவி தன்னைத் திட்டியதாகச் சொன்னான்’ என்பதில் ‘தன்’ உள்வாக்கியத்தைத் தாண்டி வெளியே போய்க் குமாரைத் தொடுகிறது. 1981-ல் சாம்ஸ்கி வகுத்த விதி இப்படிப்பட்ட சொல் தன் வாக்கியத்துக்குள்ளேயே ஆளைத் தேட வேண்டும் என்றது. தமிழ், சீனம், ஜப்பானியம், ஐஸ்லாந்து மொழி எல்லாம் சேர்ந்து அதற்குத் தலைவலி கொடுத்தன. ‘தான் வருவேன்னு சொன்னான்’ என்பதில், ‘தான்’ படர்க்கையாக இருக்க, ‘வருவேன்’ என்று தன்மை விகுதி எப்படி வந்தது என்பது இன்னொரு புதிர். சந்தியா சுந்தரேசன் 2012-ல் முடித்த முனைவர் பட்ட ஆய்வில் தமிழின் ‘தான்’ தான் நடுநாயகம். அது நம் தமிழ்த்துறைகளில் நடக்கவில்லை, ஐரோப்பாவில் நடந்தது. நம் மாணவர் இரண்டு வருஷம் எம்.ஏ. படித்துவிட்டு இப்படி ஒரு கேள்வி இருப்பதே தெரியாமல் வெளியே போகிறார்.

நமக்கு இதில் பரம்பரையே இல்லை என்பதும் கிடையாது. சாம்ஸ்கி வழியில் எழுதப்பட்ட ச. அகத்தியலிங்கத்தின் தமிழ் ஆக்கமுறை இலக்கணம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலிருந்து 1967-லேயே வந்துவிட்டது. சாம்ஸ்கியின் முதல் நூலுக்குப் பத்தே ஆண்டு கழித்து. தாமஸ் லேமனின் இக்காலத் தமிழ் இலக்கணம் 1989-ல் புதுச்சேரியில் வெளியானது. இலங்கையில் எம். ஏ. நுஃமான் மாணவர்களுக்காகத் தமிழிலேயே நல்ல இலக்கணம் எழுதினார். வாக்கியங்களைக் கணினிக்காகப் பிரித்துக் கட்டிய முதல் தமிழ் வாக்கியத் தொகுப்புகளில் ஒன்று, 600 வாக்கியங்கள் கொண்டது, பிராக் நகரத்துச் சார்ல்ஸ் பல்கலைக்கழகத்தில் உருவானது. இன்னொரு தொகுப்புக்கு வாக்கியங்கள் பெரும்பாலும் லேமன் புத்தகத்திலிருந்தே போயின.

கேட்பது அதிகமில்லை. தொடரியல் அலகை ஐந்தாவது இடத்திலிருந்து இரண்டாவதுக்குக் கொண்டுவாருங்கள், பேச்சொலி உறுப்புகளின் படம் காத்திருக்கட்டும். தேர்வில் ‘கோட்பாட்டை விளக்குக’ என்பதை எடுத்துவிட்டு, நோட்ஸில் இல்லாத ஆறேழு வாக்கியங்களைக் கொடுத்து, எது ஆகும், எது ஆகாது, என்ன விதி என்று கேளுங்கள். விடைக்குறிப்பில் ‘காரணம் பொருந்தினால் வேறு விடைக்கும் மதிப்பெண் தருக’ என்று ஒரு வரி சேருங்கள். இன்டர்னல் மதிப்பெண்ணுக்கு ஒரு வாக்கிய நோட்டு போதும். ஐம்பது வாக்கியம், அவரவர் ஊர்ப் பேச்சிலிருந்து. நாகர்கோவில் பெண்ணும் வேலூர் பையனும் ஒத்துப்போகாத இடங்கள் தனிப் பக்கத்தில்.

நடத்த ஆள் இல்லை என்பீர்கள். இலக்கியம் படித்தவர்கள்தானே நடத்துகிறார்கள், உண்மைதான். நானும் அப்படித்தான் தொடங்கினேன். காது இருந்தால் ஆரம்பிக்கலாம். மீதிக்கு மொழியியல் துறை உள்ள பல்கலைக்கழகங்களில் கோடை விடுமுறையில் பத்து நாள் பயிற்சி வையுங்கள்; பயணப்படி கொடுத்தால் கௌரவ விரிவுரையாளர்களும் வருவோம். கொடுக்காவிட்டாலும் சிலர் வருவோம், ஆனால் கொடுங்கள்.

என் மாணவர்களின் தலைப்பு நோட்டு என்னிடம் இருக்கிறது. லாரிக்காகத் தனியாக மூன்று பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள். அடுத்த கூட்டத்தில் பத்து நிமிஷம் தந்தால் எடுத்து வருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு கௌரவ விரிவுரையாளர், தமிழ்த்துறை