அண்ணனுக்கு, வேலையை விட்ட பிறகு

அன்புள்ள அண்ணே,

விருப்ப ஓய்வுக்கு ஒப்புதல் வந்துவிட்டது. இந்த மாதக் கடைசியோடு ஆபீஸ் முடிகிறது. இனி தேவாரம் பாடுவதும் சொல்லிக்கொடுப்பதும்தான் என் வேலை. நோட்டீஸ் கொடுத்த அன்று நம் வீட்டில் யார் என்ன பேசினார்கள் என்பது உனக்குத் தெரியும், அதை விட்டுவிடுகிறேன். நேரில் ஆரம்பித்தால் எழுந்து பால்கனிக்குப் போய்விடுகிறாய். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் திறந்தே பார்ப்பதில்லை. இங்கே எழுதினால் சொந்தக்காரர் யாராவது உனக்கு அனுப்பிவைப்பார்கள்.

பணத்தைப் பற்றி நீ கேட்ட இரண்டு கேள்விக்கும் இங்கே பதில் எழுதமாட்டேன். திருநெல்வேலியில் இருப்பவர்களும் இதைப் படிப்பார்கள். 2004-க்குப் பிறகு அரசு வேலையில் சேர்ந்தவளுக்கு அப்பா வாங்கிய பென்ஷன் கிடையாது என்பது எனக்கும் தெரியும், அண்ணே. கணக்குப் போட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்.

"தேவாரம் பாடினால் யார் சம்பளம் தருவான்?" என்று கேட்டாய். தஞ்சைப் பெரிய கோயிலில் பதிகம் பாட 48 பேரை நியமித்து, நாளுக்கு ஆளுக்கு மூன்று குறுணி (அந்தக் கால அளவு) நெல் என்று கல்லிலேயே வெட்டிவைத்தான் ராஜராஜன். இன்றைக்கு டெல்லியில் அப்படி ஒரு ராஜா இல்லை. சரி. ஆனால் சனிக்கிழமைதோறும் ஆர்.கே.புரத்தில் என்னிடம் வரும் பிள்ளைகள் இருக்கிறார்கள். தமிழ் படிக்கத் தெரியாமல் இந்தி எழுத்தில் பதிகத்தை எழுதி வைத்துக்கொண்டு பாடுகிறார்கள். 'மிழலை' அவர்கள் வாயில் 'மிளலை' ஆகிவிடுகிறது. நாக்கை எங்கே மடிக்க வேண்டும் என்று ஒவ்வொரு பிள்ளைக்கும் பக்கத்தில் உட்கார்ந்து காட்ட வேண்டும். வாரத்தில் ஒரு மணி நேரம் அதற்குப் போதாது.

'மிழலை' வரும் அந்தப் பதிகத்தை எனக்குச் சொல்லிக்கொடுத்தது நீதான். ஆர்.கே.புரம் முருகன் கோயிலான மலை மந்திரில், ஜனவரி மாதத்தில். பனிமூட்டத்தில் எதிரே வருகிறவர் முகம் தெரியவில்லை. சுந்தரேஸ்வரர் சன்னிதிக் கல்லில் கால் வைக்க முடியாமல் நான் அழுதேன். நீ உன் மஃப்ளரைக் கழற்றி நாலாக மடித்து என் காலுக்கடியில் போட்டாய். கம்பளி வீணாகப்போகிறது என்று அப்பா சத்தம் போட்டார், நீ காதிலேயே வாங்கவில்லை. "வாசி தீரவே காசு நல்குவீர்" என்று நீ ஒரு வரி பாட, "மாசின் மிழலையீர் ஏச லில்லையே" என்று நான் அடுத்த வரி. வரி சின்னதாக இருந்ததால் எனக்குச் சீக்கிரம் பிடிபட்டது. குளிரில் உன் வாயிலிருந்து புகை வந்தது, சுருதி மட்டும் அசையவில்லை.

கதையையும் நீதான் சொன்னாய். திருவீழிமிழலையில் பஞ்சம். அடியார்களுக்குச் சோறு போட அப்பருக்கும் சம்பந்தருக்கும் தினமும் ஆளுக்கு ஒரு பொற்காசு கொடுத்தார் சாமி. அப்பர் காசு முழு விலைக்குப் போனது. சம்பந்தர் காசுக்கு வாசி, அதாவது மாற்றுவதற்கான கழிவு, பிடித்துக்கொண்டார்கள், மாற்றி வாங்கிச் சமைப்பதற்குள் அவர் மடத்தில் சாப்பாடு தாமதமானது. ஏன் என்று கேட்டேன். "அப்பர் கோயில்ல புல் செதுக்குற உழவாரம் எடுத்துக் கையால வேலை செஞ்சார். அதான் அவருக்கு நல்ல காசு" என்றாய். "அப்போ பாடுறது வேலை இல்லையா?" என்று கேட்டதற்கு, "அதுக்குத்தான் இந்தப் பதிகம். சம்பந்தர் கேட்டுப் பாடினார், சாமி குறையில்லாத காசு குடுத்தார்" என்று என் குல்லாவை இழுத்துவிட்டாய்.

அப்புறம் அப்பா விழுந்தார். நீ உழவாரம் எடுத்துக்கொண்டாய். உன் சம்பளத்தில்தான் நான் படித்தேன். தாத்தா ஓதுவாராக இருந்த வீட்டில் குரல் உனக்குத்தான் வந்தது, எனக்கு வந்தது பாதி. இதை யாரிடமும் மறைத்ததில்லை. நீ பாட்டை விட்டதை நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு எரிகிறது.

ஆனால் நீ விட்டாய் என்பதற்காக நானும் விட வேண்டுமா? ஒவ்வொரு கல்யாண வீட்டிலும் என் ஃபீஸ் கட்டிய கதையைச் சொல்கிறாய். அதில் ஒரு தடவையாவது நீ பாடுவாய் என்று சொன்னாயா? உன் பிள்ளைகளுக்கு அது தெரியாது. நான்தான் சொன்னேன், நம்ப மறுத்தார்கள். நீ எனக்காகச் செய்ததெல்லாம் பெரிது. அதற்கு ஈடாக அறுபது வயது வரை ஃபைல் பார்க்க வேண்டும் என்றால், அண்ணே, அது அன்பு இல்லை, வசூல்.

கடுமையாக எழுதிவிட்டேன், அழிக்கப்போவதில்லை. உனக்கு வலிக்கும் என்று தெரியும், அதற்கு என்னை மன்னித்துக்கொள். முடிவுக்கு மன்னிப்புக் கேட்கவில்லை.

சுந்தரரைக் கல்யாணப் பந்தலில் வந்து தடுத்தார் சாமி, அடிமை ஓலையைக் காட்டி. அவர் திருவெண்ணெய்நல்லூர் சபை வரைக்கும் போய் வழக்காடினார், தோற்றார், அதன் பிறகுதான் பாடினார். எனக்கு ஓலை எதுவும் வரவில்லை. மீட்டிங் நடுவே, பஸ்ஸில், தூக்கத்தில்கூட பண் ஓடிக்கொண்டே இருக்கிறது, வருஷக்கணக்காக. சாமி கூப்பிடுகிறார் என்று நான் நம்புகிறேன். நீ சிரித்தாலும் சரி. அந்தச் சுந்தரரே பிறகு திருக்கோளிலியில், மனைவி பரவையார் வாடக்கூடாது என்று, கிடைத்த நெல்லைச் சுமக்க ஆள் கேட்டுப் பாடினார். வீட்டு அடுப்பை நானும் மறக்கமாட்டேன்.

அடுத்த வாரம் அப்பா திதி. இலை போடுவதற்கு முன்னால் அந்தப் பதிகத்தைப் பாடலாம் என்று இருக்கிறேன். முதல் வரி உன்னுடையது, என்னால் அதை எடுக்க முடியாது. வருகிறாயா இல்லையா என்று நீயே போன் செய்து சொல்.

உன் தங்கை