டீம் இல்லாத கோச்

காட்பாடி
ஞாயிறு காலை

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் புதன்கிழமை வந்தது. போனில் பேசி முடிக்க வேண்டியதைக் கவரில் போட்டு, ஐந்து ரூபாய் ஸ்டாம்ப் ஒட்டி அனுப்ப இன்னும் நீ ஒருவன்தான் இருக்கிறாய். மூன்று பக்கம் முழங்கால் புராணம், கடைசியில் ஓரமாக "அடுத்து என்னடா செய்யப்போகிறாய்?" என்று ஒரு வரி. முழங்காலுக்கு முதலில் சொல்லிவிடுகிறேன். நாற்காலியில் உட்கார்ந்து காலை நேராக நீட்டி, பத்து எண்ணும்வரை பிடி. தொடைச் சதை கெட்டியானால் முட்டி கொஞ்சம் தாங்கும். இதையே முப்பது வருஷத்துக்கு முன்னால் சொன்னபோது சிரித்தாய்.

மீதிக் கடிதம் அந்த ஒரு வரிக்கு.

தண்ணீர் இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில் என்று நம் வேலூரைக் கிண்டல் செய்வார்களே, ஞாபகம் இருக்கிறதா? ஜலகண்டேஸ்வரர் 1981-ல் கோட்டைக்குள் திரும்பி வந்துவிட்டதால் அந்தப் பட்டியலில் ஒரு இடம் காலி. டீம் இல்லாத கோச் என்று என்னை அதில் சேர்த்துக்கொள்.

நடந்ததை நீ ஆளாளுக்கு ஒரு விதமாகக் கேட்டிருப்பாய். சண்டை எதுவும் இல்லை. நம் கால்பந்து கிளப்புக்குப் புதுக் கமிட்டி வந்தது, இனிமேல் லைசென்ஸ் உள்ளவர்தான் கோச் என்று முடிவு செய்தது. அதில் தப்புச் சொல்ல மாட்டேன். டி லைசென்ஸ் என்பது கோச்சுகளுக்கான ஆரம்பப் படிகளில் ஒன்றுதான். என்னிடம் ஆடிய பையனே போய் அதை எடுத்துக்கொண்டு வந்துவிட்டான். "சார், நீங்களும் வாங்க, சேர்ந்து போகலாம்" என்று இரண்டு முறை கூப்பிட்டான். எனக்கு எவன் பரீட்சை வைப்பது என்ற திமிரில் நான்தான் போகவில்லை. ஆனால் அவர்கள் சொன்ன விதம் இருக்கிறதே! 29 வருஷத்தை வாட்ஸ்அப் குரூப்பில் நாலு வரியில் முடித்தார்கள். அதற்குக் கீழே வரிசையாகக் கைகூப்பும் படம். அப்புறம் ஒரு நாள் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தி, ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். டோர்னமெண்டுகளில் ஜெயித்த கடிகாரமே வீட்டில் நாலு இருக்கிறது. ஐந்தாவதை எங்கே மாட்டுவது என்று கேட்கிறாள் உன் தங்கச்சி.

இதுவரைக்கும் யார் வேண்டுமானாலும் உனக்குச் சொல்லியிருப்பார்கள். இனி சொல்லப்போவது என் மனைவிக்குக்கூடத் தெரியாது.

சாவியை ஒப்படைத்த மறுநாள், வழக்கம்போல நாலே முக்காலுக்கு விழிப்பு வந்துவிட்டது. டிவிஎஸ் எக்ஸ்எல்லை எடுத்தேன். வண்டி அதுவாகவே மைதானத்துக்குப் போனது. பந்து மூட்டை பின்னால் இல்லாததால் மேடு பள்ளத்தில் சீட்டு தூக்கித் தூக்கிப் போட்டது. இத்தனை வருஷத்தில் அப்படிக் குலுங்கியதே இல்லை. கிழக்குக் கோல் போஸ்டுக்குப் பின்னால் ஒரு வேப்பமரம் இருக்குமே, நீ பெனால்டியை வெளியே அடித்துவிட்டு உட்கார்ந்து அழுத மரம், அதன் மறைவில் நின்றேன். அன்றைக்கு மட்டும் இல்லை, ஒரு வாரம் அப்படித்தான். லைசென்ஸ் எடுத்த அந்தப் பையன்தான் இப்போது கோச், நன்றாகத்தான் நடத்தினான். பிளாஸ்டிக் கூம்பு வைத்து, நாலு பேர் வட்டமாகப் பந்தைச் சுற்ற, நடுவில் ஒருவன் பிடுங்க வேண்டும். நானும் அதைத்தான் செய்ய வைத்தேன், கூம்புக்குப் பதில் செங்கல்.

ஏழாம் நாள் ஒரு பொடியன் பார்த்துவிட்டான். பந்தை அப்படியே விட்டுவிட்டு "கோச் சார்!" என்று கத்திக்கொண்டு ஓடி வந்தான். அவன் பின்னால் இன்னும் நாலு பேர். அங்கே அந்தப் பையன் விசில் ஊதுகிறான், ஒருவனும் திரும்பவில்லை. இரண்டாம் தடவை ஊதினான். அப்போது அவன் முகத்தைப் பார்த்தேன், மச்சான். கோபம் இருந்திருந்தால் பரவாயில்லை. பத்து வயதில் என்னிடம் வந்தபோது, தப்பான காலில் பந்தை அடித்துவிட்டு என்னைப் பார்ப்பானே, அதே பார்வை. விசிலைக் கையில் பிடித்துக்கொண்டு, நான் என்ன சொல்லப்போகிறேன் என்று நிற்கிறான்.

"பிராக்டிஸ் டைம்ல என்னடா ஓட்டம், போ" என்று பையன்களைத் திட்டி அனுப்பிவிட்டு வண்டியைத் திருப்பினேன். அதற்குப் பிறகு அந்தப் பக்கமே போகவில்லை.

பில் ஷாங்க்லி கதை உனக்குத் தெரியுமா? 1959 டிசம்பரில் இங்கிலாந்தின் லிவர்பூல் கிளப்புக்கு மேனேஜராக வந்தார். அப்போது அது இரண்டாம் டிவிஷன் டீம். அதைத் தூக்கி நிறுத்தி, மூன்று லீக், இரண்டு எஃப்.ஏ. கோப்பை, ஒரு யூஇஎஃப்ஏ கோப்பை எல்லாம் ஜெயித்து, 1974 ஜூலையில் திடீரென்று ராஜினாமா செய்தார். எஃப்.ஏ. கோப்பையைத் தூக்கி இரண்டே மாதம். ஊரே நம்பவில்லை. ஆனால் ராஜினாமா செய்த மனுஷனால் வீட்டில் இருக்க முடியவில்லை. மெல்வுட் பயிற்சி மைதானத்துக்கு வர ஆரம்பித்தார். ஆட்டக்காரர்கள் அவரைத்தான் இன்னும் 'பாஸ்' என்று கூப்பிட்டார்கள். பொறுப்பில் இருந்தவர் பாப் பெய்ஸ்லி, அத்தனை வருஷம் அவருக்குத் துணையாகப் பக்கத்தில் நின்றவர். கிளப்புக்குச் சங்கடம், பெய்ஸ்லிக்குச் சங்கடம். வர வேண்டாம் என்பதை அவருக்கு உணர்த்திவிட்டார்கள். அப்புறம் ஷாங்க்லி எங்கே போனார் தெரியுமா? பரம எதிரியான எவர்ட்டன் டீமின் பயிற்சி மைதானத்துக்கு. அவர்கள் வரவேற்று உட்கார வைத்தார்கள். 1981-ல் இறந்துபோனார். அதற்குள் பெய்ஸ்லி மூன்று முறை ஐரோப்பியக் கோப்பை ஜெயித்திருந்தார்.

இதைப் படித்தபோதெல்லாம் கிளப்பின்மேல்தான் எனக்குக் கோபம் வரும். வேப்பமரத்தடியில் நின்ற பிறகு பெய்ஸ்லியை நினைத்துக்கொண்டேன்.

பேரன் இங்கேதான் இருக்கிறான், காலேஜ் லீவு. அவன் லிவர்பூல் ஆள். "தாத்தா, க்ளோப் மாதிரி கௌரவமா வந்திருக்கணும்" என்கிறான். க்ளோப் விஷயம் எனக்கும் பிடித்ததுதான். ஜெர்மனியில் மைன்ட்ஸ் கிளப்புக்கு ஏழு வருஷம் கோச், டார்ட்மண்டில் ஏழு, லிவர்பூலில் ஒன்பதுக்குக் கொஞ்சம் குறைவு. 30 வருஷமாக வராத லீக் கோப்பையை 2020-ல் வாங்கிக் கொடுத்தார். 2024 ஜனவரியிலேயே, இந்த சீசனோடு போகிறேன், தெம்பு தீர்ந்துகொண்டிருக்கிறது என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். கடைசி மேட்ச் முடிந்ததும் மைக்கைப் பிடித்து, தனக்குப் பின்னால் வரப்போகும் ஆர்னே ஸ்லாட்டின் பெயரைப் பாட்டாகப் பாடி, ஸ்டேடியத்தையே சேர்ந்து பாட வைத்தார். மறு வருஷமே ஸ்லாட் லீக்கை ஜெயித்தார். அந்தப் பாட்டுக்கு அதில் பங்கு உண்டு என்று நான் நினைக்கிறேன். நான் பாடவில்லை, மச்சான். சாவிக் கொத்தைக் கையில் கொடுத்து "ஷெட்டுப் பூட்டு கொஞ்சம் இறுகும், எண்ணெய் விடு" என்றேன். அவ்வளவுதான் சொல்ல வந்தது.

ஆனால் அதே க்ளோப் அடுத்து என்ன செய்தார்? 2025 ஜனவரியிலிருந்து ரெட் புல் என்ற பானக் கம்பெனியின் கால்பந்துப் பிரிவுக்குத் தலைமைப் பொறுப்பு. லைப்ஸிக், சால்ஸ்பர்க், நியூயார்க் என்று அவர்களுடைய கிளப்புகளையெல்லாம் மேலிருந்து பார்த்துக்கொள்ளும் வேலை. ஜெர்மனியில் கிளப்பின் ஓட்டுரிமையில் பாதிக்கு மேல் உறுப்பினர்கள் கையில் இருக்க வேண்டும் என்று விதி. லைப்ஸிக் அதைச் சாமர்த்தியமாக வளைத்த கிளப் என்று அங்கே ரசிகர்களுக்கு ஆத்திரம். மைன்ட்ஸ், டார்ட்மண்ட் ஆட்களே அவரைத் திட்டினார்கள். எனக்கு அதில் பெரிய கோபம் இல்லை. இனி வாரா வாரம் கோட்டோரம் நின்று கத்த முடியாது என்பவனுக்கும் கால்பந்தைத் தவிர வேறு என்ன தெரியும்?

எனக்கும் ஒரு 'ரெட் புல்' வந்ததடா! சிரிக்காதே. பைபாஸ் பக்கம் டர்ஃப் போட்டிருக்கிறார்கள், பச்சைப் பிளாஸ்டிக் புல், ராத்திரியெல்லாம் லைட். மணிக்கு இவ்வளவு என்று வாடகை. அங்கே ஒரு அகாடமி தொடங்குகிறார்களாம், நான் 'டெக்னிகல் டைரக்டர்'. வேலை என்ன என்று கேட்டேன். பேனரில் போட்டோ, சனிக்கிழமை ஒரு மணி நேரம் வந்து உட்கார்ந்தால் போதும் என்றார்கள். சம்பளம் நல்ல சம்பளம். நம் ஊர் வெயிலில் மதியம் அந்தப் புல்லின்மேல் கை வைத்துப் பார்த்தேன், தோசைக்கல் மாதிரி இருந்தது. யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். அவர்களும் திரும்பக் கூப்பிடவில்லை.

வீட்டில் எப்படி என்று கேட்டிருந்தாய். மான்செஸ்டர் யுனைடெட் மேனேஜர் அலெக்ஸ் ஃபெர்குசன் 2002-ல் ஓய்வு பெறப்போவதாக அறிவித்திருந்தார், மனைவிதான் அவரை மனம் மாற்றினாராம். அப்புறம் பதினோரு வருஷம் இருந்து இன்னும் ஆறு லீக் ஜெயித்தார். 2013-ல் போனதும் அதே மனைவிக்காகத்தான். அந்த அம்மாவின் சகோதரி இறந்துபோனார், அவரைத் தனியாக விடக்கூடாது என்று. உன் தங்கச்சிக்கு அந்த மாதிரி மனக்கிலேசம் எதுவும் இல்லை. நான் சமையலறைப் பரணில் டப்பாக்களை உயர வாரியாக அடுக்கி வைத்ததிலிருந்து, "எங்கேயாவது ஒரு டீம் பாத்துக்கிட்டுப் போயிடுங்க" என்கிறாள்.

அப்புறம் வெங்கர். இங்கிலாந்தின் ஆர்சனல் கிளப்பில் மேனேஜராக 22 வருஷம், 2003-04 சீசனில் லீக் முழுக்கத் தோற்கவே இல்லை. கடைசி வருஷங்களில் அதே ரசிகர்கள் அவரைப் போகச் சொல்லிப் பேனர் பிடித்தார்கள். 2019-ல் ஃபிஃபாவில் சேர்ந்தார். இரண்டு வருஷத்துக்கு ஒரு உலகக் கோப்பை என்று ஒரு யோசனை சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டார். அது எனக்கும் பிடிக்காத யோசனைதான், தீபாவளி வருஷத்துக்கு இரண்டு வந்தால் பட்டாசுக்கு என்ன மரியாதை? ஆனால் 2023 நவம்பரில் புவனேஸ்வரத்தில் பையன்களுக்கான அகாடமியைத் திறந்துவைக்க அந்த மனுஷன் வந்தார் பார். டிவியில் காட்டினார்கள். எழுபத்து நாலு வயது. பெரிய பெரிய ஆட்டக்காரர்களை வைத்து ஆண்டவர், இங்கே சின்னப் பையன்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். அந்த ஆசை எனக்குப் புரிந்தது.

சரி, இப்போது உன் கேள்விக்கு வருகிறேன்.

தினமும் காலையில் மைதானத்துக்கு எதிர்த் திசையில் பாலாற்றுப் பாலம் வரை நடக்கிறேன். ஆற்றில் சீமைக் கருவேலம்தான் ஓடுகிறது. திரும்பும் வழியில் ஒரு பஞ்சாயத்துப் பள்ளிக்கூடம். போன மாதம் அங்கே ஏழெட்டுப் பெண் பிள்ளைகள் பந்து ஆடிக்கொண்டிருந்தார்கள். பந்தா அது! மேல்தோல் உரிந்து, காற்று பாதி இறங்கி, உதைத்தால் 'தொப்' என்று விழுந்து அங்கேயே உட்கார்ந்துகொள்கிறது. ஆனால் ஒரு பெண், மெலிந்த உடம்பு, செருப்பு இல்லை, பந்து வருவதற்கு முன்பே தலையைத் திருப்பிப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று பார்க்கிறாள். அதைச் சொல்லிக் கொடுக்க நம் பையன்களிடம் நான் இரண்டு மூன்று வருஷம் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன். இவளுக்கு யார் சொன்னது?

கேட்டுக்கு வெளியே நின்றேன். மறுநாளும் நின்றேன். மூன்றாம் நாள் ஹெட்மிஸ்ட்ரஸ் வந்து "யாருங்க நீங்க, எதுக்குத் தினமும் நிக்கிறீங்க?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. சொன்னேன். சம்பளம் தர வழியில்லை என்றார், நான் கேட்கவில்லை என்றேன். ஆதார் நகல் கொடுக்கச் சொன்னார், பயிற்சி நேரத்தில் ஒரு டீச்சர் கூடவே இருப்பார் என்றார். அதுவும் நியாயம்தான். இதற்கு லைசென்ஸ் கேட்க மாட்டார்கள், ஆனாலும் டி லைசென்ஸ் எப்போது நடக்கிறது என்று அந்தப் பையனிடமே போனில் கேட்டேன். ஒரு நிமிஷம் பேச்சே வரவில்லை அவனுக்கு. பிறகு "சார், ஃபார்ம் நானே ஃபில் பண்ணித் தரேன்" என்றான். ஷெட்டுப் பூட்டுக்கு எண்ணெய் விட்டுவிட்டானாம், அதையும் சொன்னான்.

இந்திய டீமின் கோச்சாக இருந்த ஹைதராபாத் ரஹீம் சாருக்கு இந்த 'அடுத்து என்ன' வரவே இல்லை. புற்றுநோயோடு 1962-ல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டுக்குப் போய், தென் கொரியாவை 2-1 என்று தோற்கடித்துத் தங்கம் வாங்கிக் கொடுத்தார், மறு வருஷம் ஜூனில் போய்விட்டார். அவரும் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவர் என்று அந்த ஹெட்மிஸ்ட்ரஸிடம் சொன்னேன். அவர் கணக்கு டீச்சராம், "சரிங்க, மழை பேஞ்சா மட்டும் உள்ள கூட்டிட்டு வந்துடுங்க" என்றார்.

ஆம்பூரில் கடை வைத்திருக்கிறானே நம் பழைய கோல்கீப்பர், அவனிடம் சொன்னேன். பழைய பந்து இரண்டு தருகிறேன் என்றான். மனசு நல்ல மனசு. பந்து எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

நீ ஆடிப் பெருக்குக்கு வருவதாக எழுதியிருக்கிறாய். இலவம்பாடி முள்ளு கத்தரிக்காய் கிடைத்தால் கொத்சு செய்து வைக்கச் சொல்கிறேன். வரும்போது ஒரு வேலை செய். பந்துக்குக் காற்று அடிக்கும் ஊசி ஒரு ஆறு வாங்கி வா. என்னிடம் இருந்ததெல்லாம் அந்த மூட்டையோடு போய்விட்டது. இங்கே கடையில் விற்பது வால்வுக்குள்ளேயே ஒடிந்துகொள்கிறது. பந்து நாலாம் நம்பர் போதும் என்று நினைக்கிறேன், கால் சின்னக் கால். பந்தை நானே வாங்கிவிடுகிறேன். ஊசியை மறந்துவிடாதே.

அன்புடன்,
உன் பழைய ரைட் பேக்