2015இல் தீர்ந்த கடன்

ஆசிரியருக்கு வணக்கம்.

பிரிட்டனின் மேற்கிந்தியத் தீவுகள் போன்ற காலனிகளில் அடிமை முறை ஒழிந்து இருநூறு வருடம் ஆகப்போகிறது, இன்னும் எதற்கு அதையே பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று உங்கள் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். வங்கியில் கடன் பிரிவில் முப்பது வருடம் குப்பை கொட்டியவன் நான், எனக்கு இதைக் கணக்காகத்தான் பார்க்க வருகிறது.

பிரிட்டன் 1833இல் அடிமை ஒழிப்புச் சட்டம் போட்டபோது 2 கோடி பவுண்டு நஷ்டஈடு ஒதுக்கியது. அன்றைய அரசின் வருடச் செலவில் ஏறக்குறைய 40 சதவீதம். யாருக்கு? அடிமைகளை வைத்திருந்த முதலாளிகளுக்கு, 'சொத்து' கைவிட்டுப் போகிறதே என்று. விடுதலையான சுமார் 8 லட்சம் பேருக்குக் காலணா கிடையாது. அதோடு விட்டார்களா என்றால் இல்லை. 'பயிற்சிக் காலம்' என்று பெயர் வைத்து, பெரும்பாலான காலனிகளில் ஆறு வயதுக்கு மேற்பட்டவர்களைப் பழைய முதலாளியிடமே 1838 வரை கூலியில்லாமல் வேலை வாங்கினார்கள், தோட்டத்தில் என்றால் வாரம் 45 மணி நேரம் வரை.

அந்தப் பட்டுவாடா விவரங்களை லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ் இணையத்தில் ஏற்றியிருக்கிறது, யாரும் பார்க்கலாம். யார், எந்தத் தோட்டம், எத்தனை தலை, எவ்வளவு தொகை எல்லாம் இருக்கிறது, ஷில்லிங் பென்ஸ் உட்பட. ஜான் கிளாட்ஸ்டன் என்பவருக்கு 2,500 பேருக்கு மேல் கணக்குக் காட்டி 1,06,000 பவுண்டுக்கு மேல் கிடைத்தது. தலைக்கு 42 பவுண்டு சொச்சம். இவர் மகன்தான் நான்கு முறை பிரதமரான வில்லியம் கிளாட்ஸ்டன். (1838இல் கல்கத்தாவிலிருந்து தென் அமெரிக்காவின் கயானாவுக்கு முதல் ஒப்பந்தக் கூலிகளை இறக்கியதும் இதே ஜான்தான், பிறகு மெட்ராஸிலிருந்தும் கப்பல் போனது, அது தனிக்கதை.)

சரி, பழைய பணம்தானே என்பார்கள். வீட்டுக்கடன் கேட்டு வருகிறவரிடம் நாங்கள் முதலில் கேட்பது மார்ஜின் பணம், அதாவது கடன் போகக் கையிலிருந்து போடும் பணம், எவ்வளவு இருக்கிறது என்று. அது பெரும்பாலும் அப்பா கொடுத்ததாக இருக்கும், இல்லாவிட்டால் மாமனார். நஷ்டஈடு வாங்கியவர்கள் பலர் அதை ரயில்வேயிலும் நிலத்திலும் போட்டுப் பெருக்கினார்கள். கரும்புத் தோட்டத்திலிருந்து வெறுங்கையோடு வெளியே வந்தவன் தன் பிள்ளைக்கு எதை எழுதிவைப்பான்?

இன்னொன்று. அந்த 2 கோடியில் பெரும்பகுதி அரசு கடனாக வாங்கியது. அந்தக் கடன் புதுப்புதுக் கடன் பத்திரமாக மாறி மாறி உருண்டு 2015இல்தான் தீர்ந்தது. 1948க்குப் பிறகு ஜமைக்காவிலிருந்தும் பார்படோஸிலிருந்தும் வந்து லண்டனில் பஸ் ஓட்டியவர்கள், ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவர்கள் கட்டிய வரியும் அதில் சேர்த்தி. பாட்டனை அடிமையாக வைத்திருந்தவனுக்கான நஷ்டஈட்டைப் பேரன் கட்டியிருக்கிறான்! 2018 பிப்ரவரியில் பிரிட்டன் நிதியமைச்சகம் ட்விட்டரில், அடிமை வணிகத்தை ஒழிக்க உங்கள் வரி உதவியது என்கிற மாதிரி பெருமையாகப் போட்டு, வாங்கிக் கட்டிக்கொண்டு, அழித்துவிட்டது.

இரண்டே மாதத்தில் விண்ட்ரஷ் விவகாரம் வெடித்தது (1948இல் ஜமைக்கா பக்கமிருந்து ஆட்களை ஏற்றி வந்த கப்பலின் பெயர் அது). அந்தத் தீவுகளிலிருந்து சின்னப் பிள்ளையாகச் சட்டப்படி வந்து ஐம்பது வருடம் அங்கேயே இருந்தவர்களிடம் காகிதம் எங்கே என்று கேட்டார்கள், வேலை போனது, சிலருக்கு வைத்தியம்கூட மறுக்கப்பட்டது, சிலரை நாடு கடத்தியே விட்டார்கள். எப்போது வந்தோம் என்று காட்ட உதவியிருக்கும் இறங்கு அட்டைகளை (வந்து இறங்கும்போது பதிந்து வைத்தவை) 2010இல் உள்துறையே அழித்திருந்தது. முதலாளிகளின் பட்டுவாடா ஏடுகள் மட்டும் இன்றைக்கும் பத்திரமாக இருக்கின்றன.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், திருநெல்வேலி