லிஸ்டை அரேயா மாத்தின அந்த வரி பிழை

ஆசிரியருக்கு வணக்கம்,

போன ஞாயிறு உங்கட கல்விப் பக்கத்தில வந்த ஜாவா நிரல்மொழிப் பாடத்தில, ஸ்ட்ரிங் (எழுத்துச் சரம்) லிஸ்ட் (பட்டியல்) ஒண்டை அரேயா (நீளம் மாறாத வரிசை) மாத்த, டூஅரே எண்ட கட்டளைக்கு முன்னால அடைப்புக்குறிக்குள்ள ஸ்ட்ரிங் அரே எண்டு எழுதியிருந்தது. அதை அக்காட மகள் அப்பிடியே டைப் பண்ணி ரன் பண்ணிப் பாத்தவள், கம்பைல் (கோட்டை ஓடக்கூடிய வடிவுக்கு மாத்திறது) ஆகேக்க ஒரு சத்தமும் இல்ல, ஓடத் தொடங்கின உடன கிளாஸ்காஸ்ட்எக்செப்ஷன் (வகை பொருந்தேல்ல எண்ட பிழை) எண்டு விழுந்திட்டுது. ராத்திரி பத்து மணிக்கு வெள்ளவத்தையில இருந்து எனக்கு கோல், மாமா நான் எங்க பிழை விட்டனான் எண்டு. அவள் ஒண்டும் பிழை விடேல்ல, பிழை பேப்பர்ல.

ஸ்ட்ரிங் லிஸ்டில டூஅரே எண்டு வெறுமனே கூப்பிட்டா வாறது ஒப்ஜெக்ட் அரே, எந்த வகைப் பொருளையும் போடக்கூடிய பொது அரே. முன்னால அடைப்புக்குறிக்குள்ள ஸ்ட்ரிங் அரே எண்டு எழுதினாப்போல அது மாறாது. ஏன் எண்டு பாடத்தில ஒரு வரிகூட இல்ல, எனக்கு அதுதான் கூடக் கவலை. ஜெனரிக்ஸ், அதாவது லிஸ்டுக்குள்ள இருக்கிறது என்ன வகை எண்டு கோண அடைப்புக்குறிக்குள்ள எழுதிற வசதி, வந்தது 2004இல, ஜாவா 5ஓட. பழைய கோட் எல்லாம் உடையாம ஓடவேணும் எண்டதால லிஸ்டுக்குள்ள இருக்கிறது ஸ்ட்ரிங் எண்டதை கம்பைலர் செக் பண்ணிப்போட்டு அழிச்சிடும், புறக்கோட்டையில கணக்குப்பிள்ளை மூட்டையில ஒட்டின சம்பா லேபிளைப் பாத்து சரி எண்டுட்டு லொறியில ஏத்த முதல் கிழிச்செறியிற மாதிரி. அரே அப்பிடி இல்ல, அதுக்கு வகை சாக்கிலயே அச்சடிச்சிருக்கு. லேபிள் இல்லாத லிஸ்டிட்ட அரே கேட்டா அது பொதுச் சாக்கைத்தான் தரும், அதால ஸ்ட்ரிங் சாக்கு ஒண்டை நாங்களே குடுக்கோணும்: டூஅரேக்குள்ள நீளம் 0 உள்ள புது ஸ்ட்ரிங் அரே ஒண்டைப் போட்டாக் காணும், இடம் போதாட்டி அதே வகையில பெரிசா ஒண்டை அதுவே செய்து தரும். சீ ஷார்ப் மொழியில இந்தத் தலையிடி இல்ல, அங்க லேபிள் கடைசிமட்டும் இருக்கும்.

எழுதினவர் ரன் பண்ணாமலே போட்டிட்டார் எண்டு நான் சொல்ல வரேல்ல. உதாரணத்தில லிஸ்டை அரேஸ்.ஆஸ்லிஸ்டால (அரே ஒண்டை லிஸ்டாக் காட்டுற கட்டளை) செய்திருந்தார், ஜாவா 8இல அதுக்கு அந்த வரி ஓடும், உண்மையில அது ஜாவாவிலயே இருந்த ஒரு பக் (பிழை), ஜாவா 9இல திருத்திட்டினம். அக்காட மகளிட்ட இருக்கிறது ஜாவா 17. வழமையா லிஸ்ட் செய்யப் பாவிக்கிற அரேலிஸ்ட் எண்டா எந்த வேர்ஷன்லயும் விழும்.

தயவுசெய்து வாற ஞாயிறு திருத்தம் போடுங்கோ. போடேக்க இன்னொண்டையும் பாருங்கோ, லிஸ்டுக்குப் பக்கத்தில வரவேண்டிய கோண அடைப்புக்குறியும் உள்ளுக்க இருந்த ஸ்ட்ரிங்கும் அச்சில காணாமப் போயிருந்தது, அவள்தான் ஊகிச்சுப் போட்டவள். கம்பைலர் செய்யவேண்டிய வேலைய உங்கட அச்சகம் முந்திக்கொண்டு செய்திட்டுது.

ஒரு வாசகர்,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13