சாவு வீட்டில் சிரித்த பெண்

ஆசிரியருக்கு வணக்கம்.

சாவு வீட்டில் யாராவது சிரித்துவிட்டால் ஈவு இரக்கம் இல்லாதவர் என்று உடனே முத்திரை குத்திவிடுகிறோம். சமீபத்தில் சேலம் குகை பகுதியில் ஒரு துக்க வீட்டில், இறந்தவரின் பேத்தி துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிச் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. உறவுக்காரப் பெரியம்மா முதுகில் ஓர் அறை வைத்தார்.

ஏற்காடு மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். அதில் ஒன்றில் எதிரே லாரி வந்து பஸ் சடாரென்று நின்றால், அலறல் அடங்குவதற்குள் பஸ்ஸே சிரிக்கிறது. அதை மட்டும் யாரும் தப்பாக நினைப்பதில்லை!

அமெரிக்க உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராம் 1963இல் வெளியிட்ட ஆய்வில், இன்னொருவருக்கு மின்அதிர்ச்சி கொடுப்பதாக நம்பி விசையை அழுத்திய 40 பேரில் 14 பேர் பதற்றத்தில் சிரித்தார்கள். (உண்மையில் அதிர்ச்சி எதுவும் தரப்படவில்லை.) பிறகு கேட்டபோது, அதில் சந்தோஷப்பட்டுச் சிரிக்கவில்லை என்று அவர்களே விளக்கம் சொன்னார்கள். தாங்க முடியாத இறுக்கத்தை உடம்பு எந்த வழியிலாவது வெளியே தள்ளத்தான் பார்க்கும் போலிருக்கிறது.

வகுப்பில் திட்டு வாங்கும்போது சிரிக்கிற பிள்ளைக்கும் இதே கதிதான். சிரித்ததற்காகத் திட்டு இரட்டிப்பாகிறது. அப்படிச் சிரிப்பவரைக் கொஞ்ச நேரம் வெளியே கூட்டிப்போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுங்கள். கேள்வி எல்லாம் அப்புறம்.

- வாசகர், அம்மாப்பேட்டை, சேலம்